எக்ஸ்ரேயில் தெரியாத காயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப மருத்துவர்கள் அருகிவருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது வருடம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதியவன் நான். என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டும்: குடும்ப மருத்துவர் ஆகப் படிப்பவர்களுக்கு விளையாட்டு மருத்துவமும் கற்றுத்தர வேண்டும்.

எங்கள் கபடி அணியில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி. ரெய்டு போய்த் திரும்பும்போது கால் மண்ணிலேயே ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் 'டொப்' என்று சத்தம் கேட்டதாக அவளே சொன்னாள். பொழுது சாய்வதற்குள் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. டவுனில் பார்த்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். வலி மாத்திரை, கிரேப் பேண்டேஜ், பத்து நாள் ஓய்வு. பன்னிரண்டாம் நாள் அவளை மறுபடி களத்தில் இறக்கினேன். ஆம், நான்தான். முட்டி மறுபடி நழுவியது. நான்கு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்து, எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கபடியை விட்டுவிட்டாள்.

அந்த டாக்டரைத் திட்ட இதை எழுதவில்லை. ஜவ்வுக் கிழிசல் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆனால் சத்தம் கேட்டது, சில மணி நேரத்தில் வீங்கியது என்ற இரண்டு விஷயமே சந்தேகப்படப் போதும். முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் காலை முன்பக்கம் இழுத்துப் பார்க்கும் லாக்மன் சோதனைக்கு ஒரு நிமிடம் ஆகாது, கருவியும் வேண்டாம். முதல் நாள் வீக்கத்தில் பிடிபடாவிட்டால் ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிப் பார்க்கலாம். ஆனால் நிறைய முட்டிகளைத் தொட்டுப் பழகிய கைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் சேரும் குடும்ப மருத்துவ டி.என்.பி. என்ற மேற்படிப்பு மூன்று வருடம். எலும்புப் பிரிவில் அதைப் படிப்பவர்கள் கண்ணில் அதிகம் படுவது பைக் விபத்துக் கேஸ்கள். அமெரிக்காவில் இதே மூன்று வருடப் பயிற்சியில் விளையாட்டு மருத்துவமும் கட்டாயம். விருப்பமிருந்தால் அதற்கென்றே மேலும் ஒரு வருடம் படிக்கலாம். பயிற்சி மருத்துவர்கள் உள்ளூர்ப் பள்ளிகளின் ஃபுட்பால் ஆட்டங்களுக்கே போய்க் கோட்டோரம் நிற்கிறார்கள்.

முட்டியோடு முடிகிற சங்கதியும் இல்லை. 2019-இல் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவுக்கு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி எட்டு மாதத் தடை விழுந்தது நினைவிருக்கலாம். இருமல் மருந்துகளில் சாதாரணமாக இருக்கும், ஆனால் விளையாட்டு வீரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட டெர்பியூட்டலின்தான் காரணம். மாநில அணிக்கு ஆடும் பிள்ளை சளி என்று வந்தால், சீட்டு எழுதுவதற்கு முன் 'நீ எங்கே ஆடுகிறாய்?' என்று கேட்கத் தெரிய வேண்டாமா? தலையில் அடிபட்டுக் கிறுகிறுப்பவனின் முகத்தில் தண்ணீர் தெளித்து ஆட்டத்துக்கு அனுப்புவதும் எங்களிடம் இன்னும் நடக்கிறது. அப்படிப்பட்டவனை அன்றைக்கு மறுபடி ஆடவிடவே கூடாது.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். குடும்ப மருத்துவப் படிப்பில் ஒரு மாதம் ஒதுக்கி, குறுவட்ட, மாவட்டப் போட்டிகள் நடக்கும் மைதானங்களுக்கு அந்தப் பயிற்சி மருத்துவர்களை ஒரு பிசியோதெரபிஸ்டோடு அனுப்பட்டும். இப்போது அங்கே முதலுதவி மேசையில் ஒரு ஸ்பிரே டப்பாவும் ஐஸ் பெட்டியும்தான் இருக்கும். பக்கத்து நாற்காலி பெரும்பாலும் காலி. அதில் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்தால், சித்திரை வெயிலில் பகல் ஒரு மணிக்கு ஓட்டப்பந்தயம் வைக்கும் எங்களைத் திட்டவும் ஓர் ஆள் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்