யாருடைய கவனயீனம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புக் கட்டட வேலைத்தளம் ஒன்றில் கம்பிக்கட்டு விழுந்து இளைஞர் ஒருவர் படுகாயமடைந்த செய்தியை, ‘தொழிலாளியின் கவனயீனமே காரணம்’ என்று முடித்திருந்தீர்கள். யார் சொன்னது அது? பொலிஸா, கொந்தராத்துக்காரரா? ஒன்றும் போடவில்லை.

நான் கம்பி வேலை செய்பவன். கம்பிக்கட்டை நடுவில் ஒரே இடத்தில் வயர் போட்டுத் தூக்கினால் ஒரு பக்கம் சாயும், சாய்ந்தால் உள்ளே இருக்கிற கம்பி உருவிக்கொண்டு வரும். இரண்டு இடத்தில் சுற்றி இறுக்க வேண்டும், கீழே நிற்கும் ஆட்களை விலக்க வேண்டும். இத்தனை வருடம் செய்தி போடும் உங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் ஸ்லாப் போடும் நாள் நெருங்கிவிட்டால் கிரேன் எங்கள் தலைக்கு மேலாலேயே போகும், விலகி நின்றால் சுப்பர்வைசர் ஏசுவார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே கம்பி கட்ட முடியுமா? 30 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் ஒரு செங்கல்லே தரைக்கு வரும்போது மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுத்திருக்கும். தலைக்கவசம் தோளை மூடுவதில்லை.

என் தங்கச்சியின் கணவர் ஹட்டன் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். மேல்மாடியிலிருந்து சாரத்துக் குழாய் விழுந்து தோள் எலும்பு நொறுங்கிப்போனது. இன்றும் சட்டையின் வலக் கையைத் தங்கச்சிதான் மாட்டிவிட வேண்டும். வேலை கொடுத்தவர்களிடம் நட்டஈடு கேட்கப் போனோம். பத்திரிகைத் துண்டு ஒன்றை மேசையில் வைத்து, “பேப்பரிலேயே கவனயீனம் என்று போட்டிருக்குதே” என்றார்கள். அது உங்கள் பத்திரிகை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வாசகம் அதேதான்.

அடிபட்டவன் எப்போதும் ‘மலையகத்தைச் சேர்ந்த நபர்’, கட்டுகிற கம்பனி எப்போதும் ‘தனியார் நிறுவனமொன்று’. அதே கட்டடத்தின் வீடுகளை விற்க முழுப்பக்க விளம்பரம் வரும்போது மட்டும் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, 2022இல் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். என்னோடு வேலை செய்பவர்களில் இதைக் கேள்விப்பட்ட ஒருவரையும் நான் காணவில்லை. நியமனக் கடிதமே இல்லாமல் நாள் சம்பளத்துக்கு நிற்பவனுக்கு யார் வந்து சொல்வார்கள்? தமிழ்ப் பத்திரிகைதானே சொல்ல வேண்டும்?

சரி, கேட்பது பெரிதல்ல. இனி விபத்துக்குக் காரணம் எழுதினால் அதைச் சொன்னது யார் என்றும் போடுங்கள். அப்புறம், நட்டஈட்டு ஆணையாளருக்கு எப்படி விண்ணப்பிப்பது, என்னென்ன பத்திரம் வேண்டும் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி, தமிழில், ஞாயிறு இதழில் போடுங்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஆட்கள் பேப்பர் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
கம்பி வேலைத் தொழிலாளி ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13