கல் சுவரும் கேரட் பாத்தியும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஊட்டி காந்தலில் இருக்கிற நம் வீட்டை மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று நீ சொன்னதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நேற்று நான் படித்த அரசு கலைக் கல்லூரிக்குப் போய், கல் பங்களா முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய வீடு. ஊட்டியில் எழுந்த முதல் பங்களா. மலையேறி வர, கீழே சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் போட்ட பாதைகூட 1823-ல்தான் முடிந்தது. அதற்குள் இங்கே சுவர் எழும்ப ஆரம்பித்துவிட்டது! நிலத்தை இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்பார்கள். தோடர்களின் நில உரிமைக்காகப் பின்னாளில் வாதாடியவரும் அவர்தான். ஆனாலும் அந்த விலை எனக்கு நெருடிக்கொண்டே இருக்கிறது.

அவருடைய மனைவியும் மகளும் புனித ஸ்டீபன் தேவாலயத்தில் அடக்கமாகிவிட்டார்கள். அவர் ஊரைவிட்டுப் போனார். ஊட்டி மெட்ராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகரானதும் அரசாங்கச் செயலகம் அந்தக் கல் பங்களா வளாகத்துக்கு வந்தது. ஃபைலுக்கும் குமாஸ்தாவுக்கும் இடம் வேண்டுமே, கட்டடங்கள் சேர்ந்துகொண்டே போயின. 1955-ல் கல்லூரி வந்தது. இத்தனைக்கும் நடுவில் சல்லிவன் வீடு இன்னும் நிற்கிறது, தம்பி.

நம் வீட்டில் உன் தாத்தா கருங்கல்லில் கட்டியது இரண்டே அறை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா சமையல்கட்டுக்குச் சாய்ப்பு இறக்கினார். நீ பிறந்த வருஷம், குழந்தைக்கு ஈரம் ஆகாது என்று, வெயில் படுகிற கிழக்குப் பக்கம் ஓர் அறை. கல்லும் செங்கல்லும் சேருகிற அந்த மூலையில் ஒழுகுவது உண்மைதான். ஆடி மழைக்கு இரண்டு பாத்திரம் வைக்கிறேன். ஆனால் ஒழுகுவது சேர்த்த இடம். தாத்தாவின் சுவரில் ஒரு விரிசல் கிடையாது.

உனக்கு இடம் போதவில்லை, பிள்ளைகள் வந்தால் படுக்க அறை இல்லை. அது எனக்கும் தெரிகிறது. பின்னால் நான் கேரட் போடுகிற பாத்தியை எடுத்துக்கொள். இரண்டு அறை தாராளமாக வரும். தை மாதம் கேரட் பிடுங்கிவிடுவேன். அப்போது வந்து அளந்து பார்.

அன்புடன்,
அம்மா