சமணர் மலையில் கிடந்த இலந்தைக் கொட்டைகள்

மதுரை

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம்.

அந்தப் பாறைக்குகையில் நீ தோண்டி எடுத்த பழங்கால விதைகளைப் பற்றி எழுதியிருந்தாய் அல்லவா, 'அங்கே தங்கிய மனிதர்கள் தின்ற இலந்தை' என்று? அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். மேலே ஒரு பாறைத் திட்டில் மரநாயின் எச்சம், அதாவது அது போட்ட கழிவு, குவிந்து கிடந்தது. உயரமான இடமாகப் பார்த்து, திரும்பத் திரும்ப அங்கேயே போடும் பிராணி அது. குச்சியால் கிளறினேன். கொஞ்சம் எலி மயிர், வண்டின் ஓடு, மற்றதெல்லாம் இலந்தைக் கொட்டை. ஒன்றுகூட உடையவில்லை. ஊன் உண்ணி என்று பேர்தான். பழக்காலம் வந்தால் மரநாயும் நரியும் பழத்தைத் தேடித்தான் அலைகின்றன.

இந்தக் குவியல் மண்ணில் மூடி, மயிரும் ஓடும் மக்கிப்போனால் என்ன மிஞ்சும்? ஒரு பிடி கொட்டை. அதைச் சலித்து எடுப்பவர் மனிதனின் சாப்பாடு என்றுதானே எழுதுவார்! கருகாத விதை நம் ஈரத்துக்கும் கறையானுக்கும் தப்பி ஆயிரக்கணக்கான வருஷம் கிடப்பது அபூர்வம். கருகியிருந்தால் மனிதன் சமைத்த தீ என்று தோன்றும்; ஆனாலும் பழைய எச்சத்தின் மேல் பிற்பாடு யாராவது அடுப்பு மூட்டியிருக்கலாம். நம் அம்மாக்கள் இலந்தை வடைக்குக் கொட்டையோடு சேர்த்து உரலில் இடிப்பார்களே, அந்த மாதிரி நொறுங்கிய சில்லுகள் கிடைத்தால் நான் மனிதன் பக்கம் சாய்வேன்.

அதற்காக எச்சத்தை ஒதுக்கிவிடாதே. 1821இல் இங்கிலாந்தின் கிர்க்டேல் குகை தெரியவந்தபோது, அங்கே கிடந்த வெள்ளை உருண்டைகள் கழுதைப்புலியின் எச்சம் என்று நிலவியல் அறிஞர் வில்லியம் பக்லேண்ட் கண்டுபிடித்தார். எலும்பைத் தின்பதால் அந்த எச்சம் கல்லாக இறுகி, உள்ளே மகரந்தத்தைக் காத்து வைக்கும். இரையின் வயிற்றில் இருந்தது, குடித்த தண்ணீரில் வந்தது எல்லாம் அதில் சேரும். அந்தக் காலத்துக் காட்டில் என்ன பூத்தது என்பதை அதிலிருந்து படிக்கிறார்கள்.

சரி, உன் விதைப் பையை இன்னொரு தடவை பிரித்துப் பார். கருகியவை எத்தனை, முழுசு எத்தனை, கூடவே பொடி எலும்பு வந்ததா, எல்லாம் ஒரே மூலையில் கிடந்தனவா? பார்த்து எழுது. மலையில் பொறுக்கிய கொட்டைகளைத் தீப்பெட்டியில் போட்டு அனுப்புகிறேன், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்.

அன்புடன்,
உன் மாப்ள