பொய் எழுதாதே, மனுப் போடு: தம்பிக்கு ஒரு கடிதம்

லாசுப்பேட்டை,
புதுச்சேரி

அன்புள்ள தம்பிக்கு,

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகப் பிரான்சில் உனக்கு வந்த தீர்ப்பை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, படித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து மங்கலாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்ததில் வேண்டியது பெரும்பாலும் கிடைத்தது. ஊதியதில் ஒரு லிட்டர் மூச்சுக்காற்றுக்கு 0.46 மில்லிகிராம், 400 யூரோ அபராதம், ஆறு மாதம் லைசன்ஸ் நிறுத்தம். உன்னைக் கூண்டில் ஏற்றாமல், வழக்குக் கோப்பை மட்டும் பார்த்து எழுதும் ஒர்தொனான்ஸ் பெனால் வகைத் தீர்ப்பு.

ஃபோனில் பேசினால் மூச்சுக்கு மூச்சு "சின்ன விஷயம்மா" என்கிறாய். அதற்குள் அக்கா குறுக்கே வருகிறாள், பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள், உன் தாளை ஒழுங்காகப் படிக்கவாவது அது உதவட்டும்.

முதலில், இது சின்ன விஷயம் இல்லை. பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம், மூச்சில் 0.25 மில்லிகிராம் வந்தாலே தப்பு. அதோடு நின்றிருந்தால் அபராதச் சீட்டோடு போயிருக்கும். மூச்சில் 0.40-ஐத் தொட்டால் அது குற்ற வழக்கு. நீ அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாய். லைசன்ஸின் 12 புள்ளியில் 6 எப்படியும் போயிருக்கும். ஆனால் உன் பெயர் குற்றப் பதிவேட்டில் ஏறியது கோட்டைத் தாண்டியதனால்தான். "இங்கே இப்படி, நம்ம ஊரில் யார் கேட்கிறார்கள்" என்று சொன்னாயே, நம்ம ஊர்ச் சட்டம் இன்னும் கறார். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம்தான் வரம்பு. பிரான்சின் வரம்பு அதே கணக்கில் 50. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே இங்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் போடலாம். பிடிக்கிறார்களா, விடுகிறார்களா என்பது வேறு பேச்சு.

இப்போது, உனக்குக் கிடைக்கப் போகும் விமான நிலைய வேலைக்கு இடைஞ்சலாக நிற்கும் அந்தக் குற்றப் பதிவேட்டுக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் நீ, பதிவேட்டைச் சுத்தமாக்கித் தருகிறேன் என்ற ஆளிடம் மாட்டப் பார்க்கிறாய்.

பிரான்சில் இந்தப் பதிவேட்டை நாந்த் நகரத்தில் ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் பிறந்தவர்களுடையதும் அங்கேதான். ஒரே பதிவேட்டிலிருந்து மூன்று விதமான தாள் எடுப்பார்கள். பி-1 எல்லாமும் உள்ளது, நீதிமன்றம் மட்டும் பார்க்கும். பி-2-வை அரசு அலுவலகங்களும் சட்டம் அனுமதித்த சில வேலைகளுக்கு ஆள் எடுப்பவர்களும் பார்ப்பார்கள். பி-3 உனக்கு மட்டும் கொடுப்பது. இணையத்தில் இலவசமாகவே கேட்டு வாங்கலாம். அதில் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை விதித்த மாதிரிப் பெரிய தண்டனைகள்தான் இருக்கும். உன் லைசன்ஸ் நிறுத்தமும் முடிந்துவிட்டது. ஆகவே இன்றைக்கு நீ பி-3 கேட்டால் ஒன்றும் இல்லாத வெற்றுத் தாள்தான் வரும்.

இப்போது யோசி. பாரிஸ் லா சப்பலில் யாரோ ஒருவர் 800 யூரோ கொடுத்தால் "கசியே சுத்தமாக்கித் தருகிறேன்" என்றாராம். கசியே என்றால் இந்தப் பதிவேடுதான். பணம் வாங்கிக்கொண்டு பத்து நாள் கழித்து உன் பெயரில் ஒரு பி-3 எடுத்து நீட்டினால் போதும். பார், ஒன்றும் இல்லை, எடுத்துவிட்டேன் என்பார். நீயும் கும்பிட்டுவிட்டு வருவாய். அங்கே முதலிலேயே ஒன்றும் இல்லை, தம்பி. உன் பெயர் இருப்பது பி-2-இல். விமான நிலைய பேட்ஜுக்கு விசாரிக்கும்போது பிரெஃபெக்ட் (நம்ம ஊர்க் கலெக்டர் மாதிரி) அலுவலகம் பார்ப்பதும் அதைத்தான். அந்த ஆளை இனிமேல் பார்க்காதே. உன் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்திருந்தால் எனக்குச் சொல்.

பி-2-இலிருந்து எடுக்க நேர் வழியே இருக்கிறது. தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் புரொக்யூரருக்கு, அதாவது அரசு வழக்கறிஞருக்கு, மனு எழுத வேண்டும். உனக்கு அது பொபினி நீதிமன்றம். கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தீர்ப்பு வந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். உனக்கு ஒரு வருஷம் தாண்டிவிட்டது. புரொக்யூரர் விசாரித்துத் தன் கருத்தோடு நீதிமன்றத்துக்கு அனுப்புவார், முடிவு நீதிமன்றத்துடையது. மறுத்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். இவ்வளவுதான். இந்தியாவில் பெரியவர்களுக்கு இப்படித் தனியாக மனுப் போட்டுத் தண்டனையைப் பதிவிலிருந்து எடுக்கிற பொதுவான சட்டம் கிடையாது. உனக்கு அங்கே இருக்கிற வசதியை நீயே காலால் தள்ளாதே.

மனுவோடு தீர்ப்பின் நகல், அடையாள அட்டை, வேலை தருவதாக அந்தக் கம்பெனி கொடுத்த கடிதம், அபராதம் கட்டிய ரசீது எல்லாம் வைக்க வேண்டும். லைசன்ஸைத் திரும்ப வாங்க டாக்டரிடம் போனாயே, அந்தச் சான்றும் வை. இதில் எனக்குக் கவலையாக இருப்பது ரசீதுதான். முழுத் தொகையையும் எந்தத் தேதியில் கட்டினாய்? தவணையாகக் கட்டியதாக ஒரு தடவை சொன்ன ஞாபகம். மனுவே போடாவிட்டாலும், அபராதத் தண்டனை கட்டிய நாளிலிருந்து மூன்று வருஷத்தில், வேறு தண்டனை எதுவும் வாங்காமல் இருந்தால், சட்டப்படி தானாக ரெஹாபிலித்தாசியோன், அதாவது தண்டனைக் கறை நீங்குவது, ஆகி பி-2-இலிருந்து போய்விடும். அந்த மூன்று வருஷம் தீர்ப்பு நாளிலிருந்து ஓடாது. பாக்கி பத்து யூரோ நின்றிருந்தால்கூடக் கணக்குத் தொடங்கியிருக்காது. நாளைக்கே பார். வேலை கொடுப்பவர்கள் மூன்று வருஷம் உனக்காகக் காத்திருக்க மாட்டார்கள், அதனால் மனு வேண்டும். ஆனால் ஒருவேளை மனுவை மறுத்தால் இந்தத் தேதிதான் உனக்குக் கை கொடுக்கும்.

தேதியை லேசாக விடாதே. உன் தாத்தா கதை தெரியும் அல்லவா. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் எழுதிக்கொடுக்க ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எதிர்வீட்டு சொல்தா எழுதிக்கொடுத்தார், தாத்தா நாளைக்கு நாளைக்கு என்று இருந்துவிட்டார். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு போய் வருகிறார்கள், நீ ஒவ்வொரு தடவையும் அங்கே தங்குவதற்கான கார்த் புதுப்பிக்க வரிசையில் நிற்கிறாய். உன் தீர்ப்பை எதிர்க்கவும் 45 நாள் இருந்தது. அது போய்விட்டது, போகட்டும். அதை எதிர்ப்பதற்கு நியாயமும் இல்லை.

மனு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். நீ எழுதி அனுப்பிய மனுவில் "நண்பர்கள் வற்புறுத்தியதால் இரண்டு கிளாஸ் மட்டும் குடித்தேன், போலீஸ்காரர் கடுமையாக நடந்துகொண்டார்" என்று எழுதியிருந்தாய். இரண்டு வரியையும் எடுத்துவிட்டேன். 0.46 என்ற எண் நீதிபதி மேஜையில் இருக்கும்போது இரண்டு கிளாஸ் கதையை யார் நம்புவார்கள்? குடித்தேன், ஓட்டினேன், பிடிபட்டேன், அதன் பிறகு இன்ன இன்ன செய்தேன். அவ்வளவு எழுது. பிரெஞ்சில் நானே எழுதி வைத்திருக்கிறேன், தனித் தாளில் அனுப்புகிறேன். உன் வாக்கியம் போல் இருக்கும்படி மாற்றிக்கொள், ஆனால் தப்பைக் குறைத்துச் சொல்கிற எந்தச் சொல்லையும் திரும்பச் சேர்க்காதே.

எனக்கு இதில் ஒரு தயக்கமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு மனு எழுதிக்கொடுப்பது நீ செய்ததைத் துடைத்துவிடுவது ஆகுமோ என்று நினைத்தேன். என்னிடம் எட்டாவது படித்த ஒரு பையன், காலாப்பட்டுப் பக்கம், டியூஷன் முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது இ.சி.ஆரில் கார் மோதிப் போய்விட்டான். ஓட்டியவன் வார இறுதிக்குப் புதுச்சேரி வந்து குடித்துவிட்டுத் திரும்பியவன். அந்தப் பையனின் அம்மாவைப் பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது இப்பவும் பார்க்கிறேன். "டீச்சர், உங்க பையன் பிரான்சுல நல்லா இருக்கானா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நல்லா இருக்கான்மா என்று சொல்லிவிட்டு வருவேன். உன் சங்கதி தெரிந்த பிறகு ஒரு நாள் அவள் அப்படிக் கேட்டபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன் வண்டியின் முன்னால் அன்றைக்கு யாரும் வரவில்லை. அது உன் சாமர்த்தியம் இல்லை.

பிறகு சட்டத்தைப் படித்தபோது என் தயக்கம் தீர்ந்தது. பி-2-இலிருந்து போனாலும் பி-1-இல் அது இருக்கும். 2007-இல் செய்த சட்டத்துக்குப் பிறகு ரெஹாபிலித்தாசியோனே ஆனாலும் பி-1-இலிருந்து தானாக எடுப்பதில்லை. வேலை கொடுப்பவன் பார்க்க மாட்டான், நீதிபதி பார்ப்பார். ஐந்து வருஷத்துக்குள் நீ மறுபடி குடித்துவிட்டு ஓட்டினால் தண்டனை இரட்டிக்கும், லைசன்ஸ் தானாகவே ரத்தாகும். சோறு சம்பாதிக்கிற வழியை அடைக்காமல், திரும்பச் செய்தால் பிடித்துக்கொள்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். இது எனக்கு நியாயமாகப்படுகிறது. ஆகவே மனம் ஒப்பியே எழுதிக்கொடுக்கிறேன்.

கம்பெனி கொடுத்த படிவத்தில் "தண்டனை ஏதும் உண்டா" என்ற கட்டத்தில் இல்லை என்று டிக் போடப் போவதாகச் சொன்னாய். போடாதே. மனுவின் முடிவு வரும் வரை அந்தப் படிவத்தைக் கொடுக்காமல் இருக்க முடியுமா என்று கேள். முடியாது என்றால் உள்ளதை எழுதி, மனுப் போட்டிருக்கிறேன் என்றும் எழுது. குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு ஒரு மேலாளர் வேலை கொடுத்தாலும் கொடுப்பார். பொய் எழுதி மாட்டியவனை ஓடுபாதைக்குப் பக்கத்தில் யார் விடுவார்கள்?

இன்னொன்று உன் நண்பர்கள் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாந்த் பதிவேடு வேறு, போலீஸ் வைத்திருக்கும் தாஜ் என்கிற கோப்பு வேறு. பேட்ஜ் விசாரணையில் அதையும் பார்ப்பார்கள். பி-2 சுத்தமாகாமல் தாஜிலிருந்து எடுக்கக் கேட்க முடியாது. முதலில் பி-2, அந்த முடிவு கைக்கு வந்ததும் அதை வைத்துத் தாஜுக்குத் தனி மனு, அதுவும் புரொக்யூரருக்கே. பலர் முதலாவதோடு நிறுத்திவிட்டுப் பேட்ஜ் ஏன் வரவில்லை என்று தவிக்கிறார்கள். உன் பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று நீயே முழுதாகப் பார்க்கவும் உரிமை உண்டு. நீதிமன்றத்தில் கேட்டால் படிக்கக் கொடுப்பார்கள், நகல் மட்டும் தர மாட்டார்கள். போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போய்த் தேதிகளைக் குறித்துக்கொள்.

மருமகளுக்கு இன்னும் சொல்லவில்லை என்கிறாய். மனுவுக்கான பதில் வீட்டுக்குத்தான் தபாலில் வரும். அவள் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன் நீயே சொல்லிவிடு. ஆறு மாதம் நீ ரயிலில் வேலைக்குப் போனபோது வண்டி ரிப்பேர் என்று சொன்னதை அவள் நம்பியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளிடம் நான் பேச மாட்டேன், அது உன் வாயால் வர வேண்டியது.

குடியைப் பற்றி நிறைய எழுதி வைத்து அடித்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கூட்டம் என்றால் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போ. எவ்வளவு குடித்தால் ஓட்டலாம் என்று கணக்குப் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது தீர்ப்பின் இரண்டாம் பக்கத்தை மறுபடி தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. மடிப்பில் மறைந்த இடத்தில்தான் வழக்கு எண் இருக்கிறது, அது இல்லாமல் மனுவின் முதல் வரியை முடிக்க முடியவில்லை. அபராதம் கட்டிய ரசீதையும் தேடி வை.

அன்புடன்,
அம்மா