பிடியரிசியை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோத்திரம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். வயது அறுபத்தெட்டு. உங்கள் பத்திரிகையை மகள் போனில் எடுத்துத் தருவாள், தினமும் படிப்பேன்.

போன மாதம் எங்கள் சபைக் கமிட்டியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். சமைக்க அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை இனிமேல் வேண்டாம், வீட்டுக்கு ஒரு கவர் தருவோம், அதில் பணம் போட்டால் போதும் என்று. அரிசியில் வண்டு விழுகிறது, பத்து வீட்டு அரிசி கலந்தால் ஒரே பதமாக வேகாது என்கிறார்கள். உண்மைதான், பாதி குழையும், பாதி நறுக்கென்று நிற்கும். ஆனாலும் என் மனது ஒப்பவில்லை.

எங்கள் ஆச்சி திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். அடுப்பங்கரை மூலையில் ஒரு சின்ன மண்பானை வைத்திருப்பார். பால் டப்பாவால் அரிசி அளந்து, சுளகில் கொட்டி, கல் பொறுக்கி, களையும் முன் ஒரு பிடி எடுப்பார். கண்ணை மூடி, "அப்பா, இது உமக்கு" என்று சொல்லிப் பானையில் போடுவார். ஒருநாள் நான் மூட்டையிலிருந்து கை நிறைய அள்ளிப் போட்டேன். ஆச்சி அதை எடுத்து மூட்டையிலேயே திரும்பக் கொட்டினார். "உலைக்கு அளந்ததுலதான் எடுக்கணும் பிள்ளே. நம்ம சோத்துல ஒரு வாய் குறையணும்" என்றார். வேதாகமத்தில் வரும் சாறிபாத் ஊர் விதவையும் மிச்சமிருந்த ஒரு பிடி மாவில்தானே எலியா தீர்க்கதரிசிக்கு அடை சுட்டுக் கொடுத்தாள்!

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் அரிசியையும் தகர டிரம்மில் கொட்டி அளப்பார்கள். எட்டுப் பால் டப்பா, இங்கே பர்மிய அளவில் ஒரு பியி. விதவைகளுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் அது போகும். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, எங்கள் தெருவில் பாதிப் பேர் ஊருக்குக் கப்பலேறக் காத்துக்கிடந்தார்கள். அப்போது பல வீடுகளில் உலை வைத்தது இந்த அரிசியில்தான்.

பணம் போதும் என்பவர்கள் 1987 செப்டம்பரை மறந்துவிட்டார்கள். 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென்று அறிவித்தார்கள், மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. சபைப் பெட்டியில் இருந்த நோட்டுகளில் முக்கால்வாசி அவைதான். அந்த வாரம் டிரம்மில் இருந்த அரிசியைத்தான் கஞ்சி காய்ச்சி ஊற்றினோம். அண்டாவைத் துழாவியவர்களில் நானும் ஒருத்தி.

என் பேத்திக்கு ஆறு வயது. தமிழ் எழுத்து தெரியாது, கீர்த்தனையைப் பர்மிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் பாடுவாள். வீட்டில் பேச்சும் பர்மியம்தான். ஆனால் பானைக்குள் கையை விடும்போது மட்டும் "அப்பா, இது உமக்கு" என்று சுத்தமான தமிழில் சொல்கிறாள். கவரைக் கொண்டுவந்தால் அதை அவள் அப்பா ஒட்டிக் கொடுத்துவிடுவார். பிள்ளைக்கு அதில் என்ன வேலை?

சரி, கவர் வேண்டுமானால் இருக்கட்டும். டிரம்மையும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். வண்டுக்குக் காய்ந்த மிளகாய் போடலாம். சனிக்கிழமைதோறும் வந்து புடைத்துச் சலித்துக் கொடுக்க நானும் இன்னும் நாலு பெண்களும் தயார்.

பர்மாவிலிருந்து திரும்பித் தமிழ்நாட்டில் குடியேறியவர்கள் இதைப் படித்தால், உங்கள் சபையில் பிடியரிசி இன்னும் நடக்கிறதா, எப்படி நடத்துகிறீர்கள் என்று இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். கமிட்டி அடுத்த மாதம் மறுபடி கூடுகிறது. அதற்குள் வந்தால் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்வே, ரங்கூன்