யாழ்ப்பாணமில்லை, ஹட்டன்

ஹட்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, நான் ஊரிலேயே இல்லை. பினாங்குக்குப் போயிருந்தேன். தனியாகத்தான். முதுகில் ஒரு பையோடு எல்ல ஸ்டேஷனில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இறங்குவார்களே, அதே கோலம். சின்ன வயதில் அவர்களைப் பார்த்து, "பாவம், கூட வர சொந்தக்காரர் யாரும் இல்லை போல" என்று நாம் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா?

அம்மாவிடம் வேலை விஷயமாகப் போகிறேன் என்று பொய் சொல்லத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னதும் இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் ஒரு விபூதிப் பொட்டலத்தையும் ஒரு போத்தல் தேசிக்காய் ஊறுகாயையும் கொண்டுவந்து பையில் திணித்தார். நான் எடுத்த டிக்கெட்டுக்கு 7 கிலோதான் கணக்கு. ஊறுகாயை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு விபூதியை மட்டும் கொண்டுபோனேன்.

நீயும் ஒருநாள் போவாய், அதனால் இதைச் சொல்லி வைக்கிறேன். இ-விசா எடுத்தால் மட்டும் போதாது. போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். கட்டுநாயக்க விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற ஒரு தம்பி அது தெரியாமல், வரிசையில் நகர்ந்தபடியே போனில் தட்டிக்கொண்டிருந்தான். பார்க்கவே பதறியது.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை ரயில், நாலு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து ஃபெரியில் கடலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். ஃபெரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எதிரே தெரிகிற அந்தத் தீவில் என் பெயர் தெரிந்த ஒருவர்கூட இல்லை.

நீ கேட்கப்போகும் கேள்வி தெரியும். பயம் இருந்தது, முதல் இரவு வரைக்கும். எட்டுப் பேர் படுக்கும் அறையில் எனக்கு மேல் கட்டில். பையை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டை அமுக்கினேன். 'டக்' என்று விழுந்தது. திறப்பு உள்ளே. பாஸ்போர்ட், காசு, சீப்பு எல்லாமே உள்ளே. விடுதிப் பையன் பெரிய குறடு ஒன்றோடு வந்து, நான் அழுதுவிடுவேனோ என்று முகத்தையே பார்த்தான். ஒரே வெட்டு, பூட்டு இரண்டாகி விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழ்க் கட்டில் கொரியாப் பெண்ணும் சிரித்தாள். அதற்குப் பிறகு நல்ல தூக்கம்.

மறுநாள் புக்கிட் பெண்டேராவுக்குப் போனேன். 833 மீட்டர் மலை. கம்பி இழுக்கும் ரயிலில் ஏற நீண்ட வரிசை, வெளிநாட்டவருக்குத் தனி விலை. மேலே போனால் மூடுபனியும் கொஞ்சம் குளிரும். 1,200 மீட்டருக்கு மேலே பிறந்து வளர்ந்தவள், குளிருக்குக் காசு கட்டியிருக்கிறேன்! இங்கே சுற்றுலா வருகிறவர்களிடம் நாம் இரண்டு விலை சொல்வதற்குச் சரியான பதிலடி.

சொல்ல வந்தது அதுவல்ல. குவீன் தெருவில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டுப் பக்கத்துத் தேநீர்க்கடையில் உட்கார்ந்தேன். எதிரே இருந்த பெரியவர், "பசியாறிட்டியாம்மா?" என்றார். காலைச் சாப்பாட்டுக்கு அங்கே அப்படித்தான் கேட்பார்களாம். பேச்சைக் கேட்டுவிட்டு, "ஸ்ரீலங்காவா? யாழ்ப்பாணமா?" என்றார்.

"இல்லைங்க ஐயா, ஹட்டன். தேயிலைத் தோட்டம்."

"அங்கயும் தோட்டமா?"

அவர் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தாராம். பால் மரம் வெட்டிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "விடியக்காலைல பெரட்டுக்கு நிக்கணும்" என்றார். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். பெரட்டு! நம் பெரட்டுக்களம்! கடல் தாண்டி அதே சொல். கங்காணியும் அங்கே கங்காணிதான். நாகப்பட்டினத்துக் கப்பலில் அவருடைய ஆள்கள், மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த கூட்டத்தில் நம்முடைய ஆள்கள். இரண்டு பக்கமும் விடியலில் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவருடைய தோட்டம் இப்போது இல்லை. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், பிறகு அதையும் அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். "ஒங்க தோட்டம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, வரிசை வீட்டு லயமும் அப்படியே இருக்கிறது என்றேன். "பரவாயில்லையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் ஒழுகுகிற தகரமும் இருப்பதில் என்ன பரவாயில்லை? கேட்கத்தான் வாய் வந்தது. ஆனால் அவர் கைபேசியை எடுத்து, தோட்டம் இருந்த இடத்தை வரைபடத்தில் தேடத் தொடங்கினார். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். வீட்டுக் கூரைகள் மட்டும்தான் தெரிந்தன. நான் பேசாமல் இருந்துவிட்டேன். என் தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.

சரி, உன் மகள் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்தாளா? முடிந்ததும் கண்டிக்குப் போய் உன் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிடு, மிச்சத்தைப் பிறகு பேசலாம். அம்மா இன்னும் என்னிடம் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, லயம் முழுக்க என் பயணக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஊறுகாய் மட்டும் அலுமாரிக்குப் பின்னால் இன்னும் அகப்படவில்லை. வரும்போது எடுத்துக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் பழைய பள்ளி வாங்குக்காரி