குவாரியில் வேலை செய்பவரையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வன்னியில் கல்குவாரி நடத்துகிறவர்களிடம் பாதுகாப்பைப் பற்றிக் கதைத்தால் முதலில் வருகிற பதில், "எங்கட பெடியள் சொன்னாலும் கேக்கமாட்டாங்கள், மாஸ்க் குடுத்தாலும் கழட்டி எறிஞ்சுபோட்டுத்தான் வேலை செய்வாங்கள்" என்பதுதான். இதை என்னால் ஏற்க முடியாது. இதே கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களில் இருந்துதானே எத்தனையோ பெண்களும் ஆண்களும் கண்ணிவெடி அகற்றப் போனார்கள், கொளுத்தும் வெயிலிலும் முகக்கவசத்தைக் கழற்றாமல் முழங்காலில் இருந்து வேலை செய்தார்கள். அங்கே பார்க்க வருகிற பெரியவரும் கவசம் போட்டால்தான் உள்ளே போகலாம். குவாரியில் முதலாளியும் சுப்பர்வைசரும் வெறுந்தலையோடு நின்றுகொண்டு கூலியாளை மட்டும் ஹெல்மெற் போடச் சொன்னால் யார் போடுவார்கள்?

அப்புறம் சம்பளம். லோட் கணக்கில் காசு என்றால், மேலே பாறை விரிசல் விட்டு நிற்பதைக் கண்டவர்கூட வாய் திறக்கமாட்டார். திறந்தால் வேலை நிற்கும், அன்றைய கூலி போகும், கூட வேலை செய்கிறவர்களே ஏசுவார்கள். ஆபத்தைச் சொல்லி நிறுத்திய நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொல்லட்டும், பிறகு யார் கதைக்கிறார்கள் என்று பாருங்கள். விபத்தில்லாத மாதத்துக்குப் பரிசு கொடுப்பது நல்லதல்ல, காயத்தை மறைக்கத்தான் பழகுவார்கள். மயிரிழையில் தப்பியதை வந்து சொன்னவருக்குக் கொடுங்கள், அவர் சொன்னதை அன்றைக்கே சரிசெய்தும் காட்டுங்கள்.

எனக்குப் பெரிய கவலை தூசுதான். கருங்கல்லைத் துளைக்கும்போது வருகிற சிலிக்கா தூசில் நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணியது, முகத்தில் துணி கட்டினால் நிற்காது. இந்தத் தூசால் வருகிற சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த மருந்தில்லை, காசநோயும் சுலபமாகப் பிடிக்கும். ஆனால் வெளியே தெரிய வருடக்கணக்காகும், அதனால் இளம் பிள்ளைகளுக்குப் பயமில்லை. தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசு பெருமளவு அடங்கும், அந்தத் தண்ணீர்க் குழாயை எப்படி இழுத்தால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்பது துளைக்கிறவருக்குத்தான் தெரியும். அவரைக் கேட்டுச் செய்தால் அவரே அதைப் பார்த்துக்கொள்வார்.

சுரங்கப் பாதுகாப்பு பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 1995ஆம் ஆண்டுச் சமவாயம், குவாரி போன்ற திறந்தவெளிச் சுரங்கங்களுக்கும் பொருந்துவது, தொழிலாளர் தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியைத் தாங்களே தெரிவுசெய்யலாம், உயிராபத்து என்று கண்டால் அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்கிறது. எங்கள் குவாரிகளிலும் இந்த இரண்டும் வேண்டும். அனுமதிப்பத்திரம் தொடர்பாகப் பார்வையிட வருகிற அதிகாரிகள் முதலாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில் தொழிலாளரோடும் பத்து நிமிடம் கதைக்கவேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுதுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஒட்டுசுட்டான்